பல்லம்மா சொன்ன ‘பார்க்கலாம்’

ஜூன் 3, செவ்வாய்

தொடர் ஓட்டத்துக்கு ஆள் பொறுக்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் கடைசியாக ஓடத்தான் ஆசை, முதலில் ஓட ஒருத்தியும் இல்லை. விளையாட்டு டீச்சர் என்றால் சும்மா விசில் ஊதுகிற வேலை என்று நினைக்கிறவர்களை ஒருநாள் என் மைதானத்தில் நிறுத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வீடு வந்தால், வாசல்படியில் ஒரு பெரியவர். கைக்குட்டையில் சுற்றிய பல்செட், கீழ்வரிசையில் விரிசல்.

“பல்லம்மா இல்லையாம்மா?” என்றார்.

“இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

‘இல்லை’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டி ஏப்ரலில் போய்விட்டாள் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. மனிதர் பல்லில்லாத வாயைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அப்புறம் உள்ளே போய் அவளும் அழுதாள்.

சாயங்காலம் பல் டாக்டர் வந்தார். பாட்டி பல்செட் கட்டிக் கொடுத்ததெல்லாம் முதலில் இவர் அப்பா கிளினிக்குக்கு, பிறகு இவருக்கு. “ஊர்ல பாதிப் பேர் வாயில அவங்கதான் இருக்காங்க. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நாள் உட்கார்ந்து அவங்களைப் பத்திப் பேசணும்” என்றார். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, எங்கள் வீட்டு முன்னறையில், அதாவது பாட்டியின் பட்டறையில். பேச வேண்டியவள் நான். “உனக்குத்தான் மைக்கே வேண்டாமே” என்றாள் அம்மா.

பெரியம்மாவும் வர வேண்டும். அம்மாவின் அக்கா, பாட்டியின் மூத்த மகள். வேறு ஊரில் தனியாக இருக்கிறார். அவர் குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறார்கள், ஜூலை ஒன்றாம் தேதி ஒரு முதியோர் இல்லத்தில் சேரப் போகிறாராம். இங்கே இவ்வளவு பெரிய வீடு இருக்க, முட்டி வலியோடு யாரோ எவரோடோ ஏன் போய் இருக்க வேண்டும்? கேட்டால் பதில் வராது. அவரை எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், வேறெதுவும் எனக்கு இப்போது முக்கியமில்லை.

ஜூன் 5, வியாழன்

பேசுவதற்காக ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

தாத்தா இளம் வயதிலேயே போய்விட்டார். பெரியம்மாவுக்கு ஆறு வயது, அம்மா கைக்குழந்தை. பாட்டி கையில் தொழில் எதுவும் இல்லை. பெரியம்மாவைத் தாத்தாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். டாக்டரின் அப்பா கிளினிக்கில் தரை துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே பல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். பாட்டி அவர் மேஜையைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருப்பாளாம், அவர் கையைப் பார்ப்பதற்காக. “எனக்கும் கத்துக் குடுங்க” என்று கேட்டதற்கு, “பல்லு கட்டறதுன்னா மூட்டை கட்டறதுன்னு நினைச்சியா?” என்று சிரித்திருக்கிறார்.

பாட்டி துணி சோப்பு ஒன்றை எடுத்து, காய் நறுக்குகிற கத்தியால் செதுக்கி, ஒரு முழுக் கீழ்வரிசையை ஈறோடு செய்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வாளியோடு போய்விட்டாள். அவர் மறுபடி சிரித்தாராம். பிறகு கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கோணலாக நிற்கும் அந்த ஒரு பல் உட்பட அத்தனையும் அவருடைய சொந்தப் பல்! வாய்விட்டுச் சிரித்த மனிதரின் வாயைப் பார்த்தே செய்திருக்கிறாள். மறுநாள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் இருந்ததாம்.

அவள் அப்படித்தான். சொல்ல மாட்டாள், செய்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஜூன் 7, சனி

திட்டுகிற கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பல்செட்டைச் சும்மா கையில் கொடுத்து அனுப்புகிற பழக்கமே பாட்டிக்குக் கிடையாது. டாக்டர் மாட்டிப் பார்த்து ‘சரி’ என்ற பிறகும், இங்கே வந்து அவள் எதிரில் உட்கார்ந்து பேசிக் காட்ட வேண்டும். என்ன பேசுவது என்று கேட்டால், “யாரையாவது திட்டுங்க. மனசாரத் திட்டுங்க” என்பாள். நல்லபடியாகப் பேசும்போது மனிதர்கள் வாயைப் பாதிதான் திறப்பார்களாம், திட்டும்போதுதான் அத்தனை பல்லும் வேலை செய்யுமாம். எங்கேயாவது ‘ஸ்’ என்று விசிலடித்தால் கழற்றி மறுபடி உரசுவாள்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் வந்தார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம். யாரைத் திட்டுவது என்று திருதிருவென்று விழித்தார். “உங்களுக்கு ஆபீசர்னு ஒருத்தர் கூடவா இல்லை?” என்று பாட்டி எடுத்துக் கொடுத்ததுதான் தாமதம். அம்மாடி! மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டார். நான் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பல்லும் நல்லா இருக்கு, மனசும் லேசாயிடுச்சும்மா” என்றார்.

இன்னொரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனையே பிடித்துக்கொண்டாள். அவர் பரிதாபமாகப் பாட்டியைப் பார்க்க, “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க, மேல்வரிசை சரியாயிடுச்சு, கீழ்வரிசைதான் பாக்கி” என்றாள் பாட்டி. அவள் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. எப்படித்தான் அடக்கினாளோ!

பெயர் எதுவும் அவளுக்கு நினைவிருக்காது. இடுக்குப்பல் வாத்தியார், தேஞ்ச கடைவாய்க்காரர், மேல்வரிசை அக்கா. எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். என் தோழி ஒருத்தி பயந்துபோய் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். இத்தனைக்கும் பாட்டிக்குக் கடைசிவரை எல்லாம் சொந்தப் பல். “என் கடைக்கு நானே விளம்பரம் ஆக முடியலையே” என்று குறைபட்டுக்கொள்வாள்.

ஜூன் 8, ஞாயிறு

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

“விஷயம் என்ன?”

சொன்னேன்.

“உங்க பாட்டி நல்ல வேலைக்காரி. அதைச் சொல்லு, போதும்.”

“நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும் பெரியம்மா.”

“நான் என்ன பேசறது? ஆறு வயசு வரைக்கும் எனக்கு அவங்களைத் தெரியும். அதுக்கப்புறம் ஊர்ல எல்லாரும் கேள்விப்பட்டதைத்தான் நானும் கேள்விப்பட்டேன்.”

பெரியம்மாவை விட்டுவிட்டு வந்த அன்று, அந்த அத்தை வீட்டு வாசலில் பாட்டி குனிந்து, “கண்டிப்பா சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இரண்டு குழந்தைகளுக்குச் சோறு போட முடியும் என்ற நிலைமை வந்து அவள் போய் நின்றபோது, பெரியம்மா பள்ளிப் படிப்பையே முடிக்கும் தறுவாயில் இருந்தார். அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றுவிட்டார். இதை அம்மா சொல்லித் தெரியும். பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த இல்லம் எதற்கு, இங்கே வந்துவிடுங்கள் என்றேன்.

“கூப்பிடாத வீட்டுக்கு வந்து எனக்குப் பழக்கமில்லை.”

“நான் கூப்பிடறேனே! அம்மாவும் கூப்பிடறாளே!”

“வீட்டுக்காரி கூப்பிடலையே. அதோட முடிஞ்சது” என்று போனை வைத்துவிட்டார்.

என்ன பேச்சு இது? பாட்டி கூப்பிட மாட்டேன் என்றாளா? யார் சொன்னார்கள் இவருக்கு?

ஜூன் 9, திங்கள்

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. நாள் முழுக்க விசில்தான் பேசியது, பிள்ளைகள் வழக்கத்தைவிட நன்றாகக் கேட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

இன்று கடைவீதியில் ‘முன்பல் ஹெட்மிஸ்ட்ரஸ்’ அம்மாவைப் பார்த்தேன். பாட்டி வைத்த பெயர்தான், அவருக்கும் தெரியும். மறுநாள் பள்ளி ஆண்டு விழா என்றிருக்கும்போது படியில் விழுந்து முன்பல் செட் உடைந்துவிட்டது அவருக்கு. ஓடி வந்து, “நாளைக் காலையில கிடைக்குமா?” என்று கேட்டார். பாட்டி உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பார்க்கலாம்” என்றாள்.

“முடியாதுன்னா முடியாதுன்னு நேரா சொல்லலாமே!” என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடிந்து அவர் ஓவென்று அழுதுகொண்டிருக்கும்போது வாசலில் பாட்டி நிற்கிறாள், டிபன் பாக்ஸில் பல்லோடு. “உட்காருங்க, யாரையாவது திட்டுங்க” என்றாளாம். “அவங்களைத்தான் திட்டினேன். முந்தின நாள் பாக்கி வெச்சதையெல்லாம் சேர்த்து” என்று இன்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஊரில் யார் ‘பார்க்கலாம்’ என்றாலும் அது இல்லை என்பதற்கு மரியாதையான பெயர். அம்மா ‘பார்க்கலாம்’ என்றால் அந்தப் பேச்சை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். பாட்டி அகராதியில் மட்டும் அது தலைகீழ். நான் விளையாட்டுப் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும் என்று அழுதபோது அம்மா ஆயிரம் காரணம் சொன்னாள். பாட்டி மெழுகு உருக்கிக்கொண்டே, “பார்க்கலாம்” என்றாள். நான் அன்றைக்கே பெட்டியை அடுக்கிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லி அவள் செய்யாமல் விட்டது ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. ‘கண்டிப்பா’ என்று மட்டும் அவள் வாயில் வராது. ஏனோ வராது.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டத்துக்கு நாற்காலி போடுவதற்காகப் பின்னறையைத் திறந்தோம். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பிப்ரவரியில் பாட்டி திடீரென்று அங்கிருந்த உரசுகிற மோட்டாரையும் பிளாஸ்டர் மூட்டைகளையும் வெளியேற்றினாள், வெள்ளையடித்தாள், ஜன்னலுக்கு வலை போட்டாள், தச்சரைக் கூட்டிவந்து பழைய கட்டிலின் கால்களை உயர்த்தினாள். “முட்டி வலிக்காரங்களுக்குக் கட்டில் எவ்வளவு உயரம் இருக்கணும்? நீதான் உடற்பயிற்சி டீச்சராச்சே, சொல்லு” என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குத்தான் முட்டி வலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். பாட்டி குள்ளம். கட்டில் வந்ததும், “என்ன, ஏணி வெச்சு ஏறப் போறியா?” என்று கேலி செய்தேன். அவள் மெத்தையைத் தட்டிப் போட்டாள்.

ஒருநாள்கூட அதில் படுக்கவில்லை. முன்னறையில், தன் பழைய பாயிலேயேதான் போய்ச் சேர்ந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

பெரியம்மா வந்தார்! டாக்டர் பேசி வரவழைத்திருக்கிறார். ஒரே ஒரு கைப்பை. “சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பணும்” என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். பின்வரிசையில், கதவோரம் உட்கார்ந்தார்.

முன்னறை நிறைந்து வாசல்வரை ஆட்கள். சோப்புக் கதை சொன்னேன், திட்டுகிற கதை சொன்னேன். குமாஸ்தா எழுந்து நின்று, “அந்த ஆபீசர் இன்னும் உயிரோட இருக்கார், யாரும் வெளியில சொல்லிடாதீங்க” என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம், பாட்டி ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று ஆரம்பித்தேன். “எங்க அம்மா சொன்னா ஆசையை மூட்டை கட்டிடணும். எங்க பாட்டி சொன்னா துணிமணியை மூட்டை கட்டிடலாம்!” ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கையைத் தூக்கி, “நான் சாட்சி!” என்று கத்தினார். ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கும் சொன்னாங்க, எனக்கும் செஞ்சாங்க என்று.

பெரியம்மா எழுந்து பின்பக்கம் போவதைப் பார்த்தேன்.

முடித்துவிட்டுப் போனால், துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“நீ இப்ப சொன்னது நிஜமா, இல்ல சிரிக்கறதுக்காகச் சொன்னதா?”

“நிஜம்தான் பெரியம்மா. ஏன்?”

“எல்லாருக்குமே அப்படித்தானா?”

“எல்லாருக்குமே.”

கல்லை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “பிப்ரவரில நான் போன் பண்ணினேன். என் ஆயுசுல அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க, அங்க வந்து உங்களோட இருக்கட்டுமான்னு. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், ‘பார்க்கலாம்’னாங்க. எனக்குப் புரியாதா? கவுண்டர்ல நானே எத்தனை பேர்கிட்ட அதைச் சொல்லி அனுப்பியிருக்கேன்! மறுநாளே இல்லத்துல பேர் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அவங்க போன் பண்ணப்பகூட எடுக்கலை.”

பிப்ரவரி. ஐயோ, பாட்டி!

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், முட்டி வலி என்பதைக்கூட மறந்து. பின்னறைக் கதவைத் திறந்து, “உட்காருங்க” என்றேன். கட்டிலில் உட்கார்ந்தார். பெரியம்மா தாத்தா மாதிரி நெட்டை. இரண்டு பாதமும் தரையில் அழகாகப் பதிந்தன. உட்காரும்போது ‘அம்மா’ என்று முனகாமல் அவர் உட்கார்ந்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இது பாட்டிக்குப் போட்ட கட்டில் இல்லை பெரியம்மா. அவ உட்கார்ந்தா கால் அந்தரத்துல தொங்கும். பிப்ரவரில போட்டது. உங்களுக்குப் போட்டது.”

அழுவார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிவந்து, கோபம் பொங்கிவிட்டது. “அப்ப ‘வா’ன்னு சொல்றதுக்கு என்னவாம்? ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்து! அதைச் சொல்ல முடியலையா அவங்களுக்கு?”

அம்மாவும் டாக்டரும் அறை வாசலில் நின்றிருந்தார்கள். டாக்டர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நான் ஒரு தடவை கேட்டேன்மா. நோயாளிங்க பயப்படறாங்க, ‘கண்டிப்பா ஆயிடும்’னு ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு. ‘ஒரு குழந்தைகிட்ட ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டு வந்தேன் டாக்டர். அதோட அந்த மாதிரி வார்த்தையெல்லாம் விட்டுட்டேன். இனிமே செஞ்சு காட்டறதுதான்’னாங்க. எந்தக் குழந்தைன்னு நான் கேக்கலை.”

பெரியம்மா மெத்தையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் உடைந்து போனாள். “ஊருக்கெல்லாம் பேசறதுக்குப் பல்லு கட்டிக் குடுத்தா எங்கம்மா. அவளுக்குப் பேசத் தெரியலையே… எனக்கும் கேக்கத் தெரியலையே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆனாலும் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

வாழ்க்கையில் முதல்முறையாகப் பாட்டிமேல் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே! என்னிடமாவது? போனை எடுக்காவிட்டால் பஸ் ஏறிப் போயிருக்கக் கூடாதா அவள்? பாத்ரூமில் கைப்பிடி வைக்க ஆள் சொல்லியிருந்தாள், எல்லாம் தயாரான பிறகு போய்க் கூட்டி வரலாம் என்று இருந்திருப்பாள். இந்தமுறை வெறுங்கையோடு போய் வாசலில் நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். நாள் இல்லாமல் போய்விட்டது.

எண்பத்து நாலு வயதில் தச்சர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் உயரம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே. ஆறு வயதில் விட்டுவிட்டு வந்தவளின் உயரம் அவளுக்கு எப்படித் தெரிந்தது? எப்போதோ வந்து போன நாலைந்து தடவையில் கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறாள். என்ன மனுஷி! கோபம் மதியம்வரைகூட நிற்கவில்லை.

கைப்பிடி வைக்கிற ஆளை நானே கூப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றுதான் பெரியம்மா இல்லத்தில் சேரும் நாள். மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மா சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜூலை முழுக்க எழுதவே நேரமில்லை. மாவட்டப் போட்டி, பிறகு, இல்லத்துக்குப் போகாமல் இங்கேயே வந்துவிட்ட பெரியம்மாவின் சாமான் அடுக்கல். பிள்ளைகள் தொடர் ஓட்டத்தில் இரண்டாவது.

இப்போது பழைய பக்கங்களைப் புரட்டினால் சிரிப்பாக இருக்கிறது. ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்று எழுதிக்கொண்டிருந்தவள், ஒரே பக்கத்தில், நடுவிலேயே ‘அழுதாள்’ என்று மாறியிருக்கிறேன். எழுதும்போது தெரியவில்லை.

பெரியம்மாவும் அம்மாவும் பேசிக்கொள்வது மட்டும் இத்தனை நாளும் கண்கொள்ளாக் காட்சி. அம்மா “வாங்கக்கா, உட்காருங்கக்கா” என்று விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி. பெரியம்மாவோ நீ என்றும் சொல்லாமல், நீங்க என்றும் சொல்லாமல், “சாப்பாடு ஆச்சா”, “தூங்கி எழுந்தாச்சா” என்று வழுக்கிக்கொண்டே போவாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒருத்தியை ஒருத்தி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மாதமாக ஒரே வீட்டில்.

இன்று காலை சமையலறையில் ஒரே சத்தம். பெரியம்மா பாத்திரம் கழுவப் போக, அம்மா விடவில்லை போலிருக்கிறது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா விறுவிறுவென்று என்னிடம் வந்தாள். அறுபதை எட்டப் போகிறவள், பள்ளிக்கூடத்தில் என்னிடம் புகார் சொல்ல ஓடி வருகிற பிள்ளை மாதிரி நின்றாள்.

“உன் பெரியம்மா என்னைப் ‘போடி’ன்னுட்டா” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

நான் போய்ப் பெரியம்மாவிடம், “என்ன பெரியம்மா, அம்மாவைப் ‘போடி’ன்னீங்களாமே?” என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டே, “தங்கச்சியை வேற எப்படிச் சொல்றதாம்?” என்றாள்.